பிரிட்ஜில் உறங்கும் பைன் விதைகள்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் மனைவி, உங்கள் விதைகள் மூவரும் நலம். அங்கே உங்கள் நலத்தையும் நாற்றுப்பண்ணையின் நலத்தையும் அறிய ஆவல்.

கோபித்துக்கொண்டு வந்தவள் துணிமணியோடு உங்கள் பைன் விதை டப்பாவையும் ஏன் தூக்கிக்கொண்டு வந்தாள் என்று, படித்த மனிதர், உங்களுக்குப் புரிந்திருக்க வேண்டும். பின்னாலேயே ஓடி வருவீர்கள் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தது உங்கள் செய்திதான். "முளைப்பதைத் தள்ளிப்போடும் மருந்தில் ஊறிய விதைகள், பிரிட்ஜில் ஈரம் காயாமல் வையுங்கள், தண்ணீரில் அலசினால் மருந்து போய் முளைத்துவிடும், ஜாக்கிரதை." என் மகளை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அதில் ஒரு வரி இல்லை. இருந்தாலும் பாலையும் காய்கறியையும் வெளியே எடுத்து உங்கள் டப்பாவுக்கு இடம் கொடுத்தேன், பால் திரிந்தது. கரண்ட் போன அன்று அதை ஈரத்துணியில் சுற்றி மடியில் வைத்து விசிறிக்கொண்டிருந்தேன். மகள் பார்த்துவிட்டு, "நான் காய்ச்சல்ல கெடந்தப்ப அவரும் இதத்தான் மடியில வெச்சிட்டு உக்காந்திருந்தாரு. இப்ப நீங்களுமாப்பா?" என்றாள். விசிறியைக் கீழே வைத்துவிட்டேன். இது போதாதென்று போன வாரம் ஐஸ் கேட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரர் டப்பாவைத் திறந்து, "என்ன சார், கொத்தமல்லி விதையப் போய் இப்படிப் பொத்திப் பொத்தி வெச்சிருக்கீங்க?" என்று சிரித்தார். மரம் தெரியாத மனுஷன் என்று நான் கத்த, இப்போது எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை.

ஆகவே நீங்கள் வர வேண்டாம். அவளும் உங்கள் பேச்சையே எடுப்பதில்லை. விதைகளைப் பார்சலில் அனுப்பிவிடுகிறேன். உங்கள் மேல் வருத்தம் இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனாலும் வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள், இளைத்துப் போகாதீர்கள்.

கோபம் கலந்த ஆசிகளுடன்,
மாமனார்

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடுங்கள். பார்சல் கட்ட டப்பாவைத் திறந்தால், உள்ளே சத்தியமாகக் கொத்தமல்லி. பக்கத்து வீட்டுக்காரரிடம் மன்னிப்புக் கேட்டாகிவிட்டது. கரண்ட் போன மறுநாளே உங்கள் மனைவி டப்பாவில் அதை நிரப்பிவிட்டு, பைன் விதைகளை நன்றாக அலசி, மண் தட்டுகளில் போட்டு, மொட்டை மாடியில் வைத்திருக்கிறாள். பாதிக்கு மேல் தலையைத் தூக்கிவிட்டன. "என்னம்மா இப்படிப் பண்ணிட்ட?" என்றேன். "முளைச்சிடுச்சுப்பா. இனிமே எந்த மருந்து போட்டும் தள்ளிப்போட முடியாது. அவரு வந்துதானே ஆகணும்?" என்றாள். அடுத்த வண்டியைப் பிடியுங்கள், மாப்பிள்ளை. வந்ததும் முதலில் அவள் முகத்தைப் பாருங்கள். நாற்றுகளுக்கு நான் தண்ணீர் ஊற்றிக்கொள்கிறேன்.