லைடன் நகரமும் என் ஒரே கால்சட்டையும்

ஒரு ஊரைப் பற்றிப் பேச அந்த ஊருக்குப் போயிருக்க வேண்டும் என்று யார் சொன்னது? போகாதவன்தான் தடங்கலில்லாமல் பேசுவான். போய் வந்தவனுக்கு, கோயில் ஆற்றுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று சந்தேகம் வந்து நாக்குத் தடுமாறும். நான் ஹாலந்து தேசத்து லைடன் நகரத்தைப் பற்றி ஒரு தோட்டத்து ஜனங்கள் முன்னால், வாளோடு உட்கார்ந்திருந்த ஒரு ஜப்பானியக் கேப்டன் முன்னால், பிரசங்கம் செய்தவன். அந்த வயதில் நான் அதிகபட்சம் போயிருந்தது மலாக்கா வரைக்கும்தான். அதுவும் ஒரு சிநேகிதன் கல்யாணத்துக்கு.

ஜப்பான்காரன் காலம். சிம்பாங் ரெங்கத்துக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் சின்னக் கிராணி. அதாவது ஆபீஸில் இரண்டாவது குமாஸ்தா. வெள்ளைக்காரத் துரை ஓடிப்போயிருந்தார். ரப்பரை வாங்க ஆளில்லை. பால் மரத்துக்கு (ரப்பர் மரம்தான்) நடுவே மரவள்ளி நட்டோம். காலையில் அது அவியல், மத்தியானம் அது மாவு, ராத்திரி அது கஞ்சி. (இன்றைக்கும் யாராவது மரவள்ளிச் சிப்ஸ் தட்டை என் முன்னால் நீட்டினால் எழுந்து போய்விடுவேன்.) துணி கண்ணில் படவே இல்லை. என்னிடம் இருந்தது ஒரே ஒரு கால்சட்டை. பின்பக்கம் மாவுச் சாக்கை வெட்டி ஒட்டுப் போட்டிருந்தாள் என் அக்கா.

பசியைவிடப் பெரிய பயம் சயாம். அங்கே ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். லாரி வரும், இளவட்டங்களை ஏற்றும், போகும். போனவர்களைப் பற்றி ஒரு தகவலும் திரும்பி வரவில்லை. அடுத்த லாரியில் ஆட்களோடு ஒரு கிராணியும் போக வேண்டும் என்று பேச்சு அடிபட்டது. எங்கள் பெரிய கிராணி நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும் ஆஸ்துமாக்காரர். மிச்சம் இருந்தது யார் என்று கண்டுபிடிக்கப் பெரிய மூளை தேவையில்லை.

இந்த நேரத்தில்தான் என் அத்தான் என்னைக் காப்பாற்றினார். என்னை அழிக்கப் பார்த்தார் என்றும் சொல்லலாம். இரண்டும் ஒரே வாக்கியத்தில் நடந்தது.

அத்தான் என் அக்காவின் கணவர். தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸர். கட்டுப் போடுவார், ஊசி போடுவார், மருந்து கலக்குவார். மருந்தெல்லாம் தீர்ந்துபோன பிறகு தைரியம் மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒருநாள் பக்கத்து டவுன் குளுவாங்கிலிருந்து மொரிதா என்கிற ஜப்பானிய டாக்டர் வந்தார். ஒல்லியான மனிதர், கண்ணாடிக்காரர், ஜாவாவில் இருந்துவிட்டு வந்ததால் மலாய் நன்றாகப் பேசுவார். மலேரியாவுக்கு மருந்து செய்வதைப் பற்றி ஜாவாவில் கிடைத்த ஒரு டச்சுப் புத்தகம் அவர் கையில் இருந்தது. சில இடங்கள் புரியவில்லையாம். “இந்தத் தோட்டத்தில் டச்சு தெரிந்தவர் யாராவது உண்டா? ஹாலந்து போனவர், லைடன் பார்த்தவர்?” என்று கேட்டார்.

அத்தானுக்கு லைடன் என்பது ஊரா, வயிற்றுவலி மருந்தா என்று தெரியாது. “இருக்கான் துவான்! என் மச்சினன் லைடன்லயேதான் கொஞ்ச காலம் இருந்தான்” என்று சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னார்.

“அலமாக்! என்ன அத்தான் இது? அந்த ஊரு எந்தப் பக்கம் இருக்குன்னுகூட எனக்குத் தெரியாதே!”

“அவருக்கு மட்டும் தெரியுமா? சும்மா பேசு லா. டாக்டருக்கு வேண்டியவன்னு ஆயிட்டா உன்னை எவன் சயாமுக்குத் தூக்குவான்?”

மறுநாள் டாக்டர் என்னைக் கூப்பிட்டு எதிரே உட்கார வைத்தார். முதலில் டச்சில் ஏதோ கேட்டார். எனக்குத் தொண்டையில் மீன் முள் சிக்கிய ஒருவரின் சத்தம்போல் கேட்டது. “பாஷை மறந்துவிட்டது துவான், ஊர் மட்டும் மனதில் நிற்கிறது” என்றேன். அவர் ஏமாற்றம் அடைந்ததாகத் தெரியவில்லை. “ஊரைச் சொல்லுங்கள்” என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

டச்சுக்காரன் கட்டிய ஊர் என்று நான் பார்த்தது மலாக்கா ஒன்றுதான். அதை அப்படியே தூக்கி ஐரோப்பாவில் வைத்தேன். ஊர் நடுவே ஆறு ஓடுகிறது, படகுகள் வருகின்றன, பாலத்தில் நின்றால் காற்று வரும், செங்கல் கட்டடங்கள், மணிக்கூண்டு. நடுவில் ஒரு குன்று, அதன்மேல் பழைய கோட்டைச் சுவர். ஒரு வேகத்தில், “ஆற்றங்கரையில் தென்னைமரங்கள்” என்றும் சொல்லிவிட்டேன்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “குன்று! ஆமாம், குன்று உண்டு” என்றார். “மேடாக மண் கொட்டி, அதன்மேல் வட்டக் கோட்டை கட்டியிருக்கிறார்கள். என் தாத்தா சொல்லுவார்.”

அவருடைய தாத்தா நாகசாகியில் ஒரு டச்சு டாக்டரிடம் மருத்துவம் கற்றவராம். அந்த டாக்டரின் சொந்த ஊர் லைடன். ஆசிரியர் சொன்னதைத் தாத்தா கேட்டு, தாத்தா சொன்னதைப் பேரன் கேட்டு, இப்படி அந்த வீட்டில் யாரும் போகாத ஊரைப் பற்றி எல்லோரும் பேசிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். நான்தான் போய்வந்த முதல் ஆளாம்!

அதற்குப் பிறகு அவர் எப்போது தோட்டத்துக்கு வந்தாலும் எனக்கு அழைப்பு வரும். நல்லவேளை, நான் இரண்டு வார்த்தை சொன்னால் அவர் இருபது வார்த்தை சொல்வார். அப்படித்தான் நான் என் ‘சொந்த ஊரை’த் தெரிந்துகொண்டேன். கம்பளித் துணி நெய்து பணக்கார ஊரானது. பிறகு ஸ்பெயின் நாட்டுப் படை அதைப் பிடிக்க வந்து சுற்றிவளைத்தது. மாதக்கணக்கில் முற்றுகை. உணவு தீர்ந்தது. நாய், பூனை, எலி, இலை என்று தின்றார்கள், ஆயிரக்கணக்கில் செத்தார்கள், கோட்டைக் கதவை மட்டும் திறக்கவில்லை. கடைசியில் அவர்களுடைய ஆட்களே கடல் அணைகளை வெட்டிவிட்டு, சொந்த வயல்களை மூழ்கடித்து, அந்தத் தண்ணீரில் படகு விட்டு வந்து ஊரை மீட்டார்கள். எதிரி ஓடினான். படகில் வந்தது மீனும் வெள்ளை ரொட்டியும். அந்த உறுதிக்குப் பரிசாக வரிச்சலுகை வேண்டுமா, பல்கலைக்கழகம் வேண்டுமா என்று அந்த நாட்டு இளவரசர் கேட்டாராம். பல்கலைக்கழகம்தான் வேண்டும் என்றார்களாம்.

“உண்மையோ கதையோ, ஓர் ஊர் தன்னைப் பற்றி இப்படிச் சொல்லிக்கொள்ள விரும்புகிறதே, அது பெரிய விஷயம்” என்றார் டாக்டர். அவர் சொன்னது எனக்கு அன்று முழுவதாக ஏறவில்லை. லாரி எப்போது வரும் என்பதிலேயே நினைப்பு இருந்தது.

விபரீதம் அந்த வட்டாரத்து ஜப்பானியக் கேப்டன் வடிவில் வந்தது. தோட்டத்து ஜனங்களை அவ்வப்போது கூட்டி வைத்து, ஜப்பான் சக்கரவர்த்தி இருக்கும் கிழக்குத் திசையில் குனிந்து வணங்கச் சொல்லி, பேசவும் வைப்பார்கள். அடுத்த கூட்டத்தில் லைடனைப் பற்றி நான் பேசட்டும் என்று டாக்டர் ஆசைப்பட்டார். வெள்ளைக்காரனை வெள்ளைக்காரன் பட்டினி போட்டுக் கொன்ற கதை என்று கேப்டனிடம் சொன்னதும் அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டதாம்.

பெரட்டுக் களத்தில் கூட்டம். காலையில் ஆள் கணக்கெடுக்கும் அந்த மைதானத்தில், ஒரு மேடைமேல் மேஜைக்குப் பின்னால் கேப்டனும் டாக்டரும், பக்கத்தில் நான். முன்னால் எலும்பும் தோலுமாக எங்கள் ஜனம். நான் கொஞ்சம் மலாய், கொஞ்சம் தமிழ் என்று கலந்து பேச வேண்டியது, டாக்டர் அதை ஜப்பான் பாஷையில் கேப்டனுக்குச் சொல்வது என்று ஏற்பாடு. அத்தான் தன் கல்யாணக் கோட்டை எனக்கு மாட்டிவிட்டிருந்தார். மேலே மாப்பிள்ளை, கீழே மாவுச் சாக்கு.

தொடக்கம் பிரமாதம். ஆறு, பாலம், குன்று எல்லாம் மளமளவென்று வந்தது. கம்பளித் துணி நெய்யும் ஊர் என்றபோது பெண்கள் பக்கமிருந்து ஒரு பெருமூச்சு கேட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. முற்றுகைக்குள் புகுந்தேன்.

“அந்த ஊரைச் சுற்றி வேற்று நாட்டுப் படை! அரிசி கிடையாது! துணி கிடையாது! மருந்து கிடையாது! இலையைத் தின்றார்கள்!”

ஜனம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. நான் எதையும் கவனிக்கவில்லை. பேச்சாளன் ஆகிவிட்ட மயக்கம்.

“ஊர்த் தலைவர் வந்து சொன்னார், ‘பசித்தால் என் கையை வெட்டித் தின்னுங்கள், ஊரை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்’ என்று!”

“நம்ம பெரிய கிராணி கைய வெட்டுனா ஒரு வேளைக்குக்கூட வராதே” என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு. அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்கலாம்.

“கடைசியில் கடல் தண்ணீர் வந்தது! படகு வந்தது! வேற்று நாட்டான் ஓடிப்போனான்!”

நான் என்ன சொல்லிவிட்டேன் என்று எனக்கே அப்போதுதான் காதில் விழுந்தது. முன்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். பூங்காவனம். பால் மரம் வெட்டும் பெண், அதாவது மரத்தைக் கீறி ரப்பர்ப் பால் எடுப்பவள். அவளுடைய அண்ணனை முந்தைய லாரியில் ஏற்றிப் போயிருந்தார்கள். டாக்டருக்கும் புரிய வேண்டும் என்றே மலாயில், தெளிவாகக் கேட்டாள்.

“கித்தா புன்யா ஆயர் பீலா மாவ் டாதாங்?”

நம்ம தண்ணி எப்ப வரும்?

சிரிப்பு குபீரென்று வெடித்து, அடுத்த நொடி அடங்கியது. கேப்டன் சட்டென்று எழுந்தார். கை வாள் பிடிமேல் இருந்தது. டாக்டரைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை கேட்டார். அந்தச் சமயத்தில்தான் என் ஒரே கால்சட்டை நனைய ஆரம்பித்தது. நான் ஒன்றும் செய்வதற்கில்லை. அது என்னைக் கேட்கவில்லை.

டாக்டர் அவசரப்படவில்லை. பூங்காவனத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு கேப்டனிடம் நீளமாக ஏதோ சொன்னார். எங்களுக்குக் கட்டாயப் பாடமாகச் சொல்லிக்கொடுத்திருந்த ஜப்பான் பாஷையில் எனக்கு நாலு வார்த்தை தெரியும். அதில் ஒன்று ‘அமே’. மழை. இன்னொன்று அவர் சொன்ன ‘தாப்பியோக்கா’. அதாவது, மரவள்ளி வாடுகிறது, மழை எப்போது வரும் என்று இந்தப் பெண் கேட்கிறாள்!

கேப்டன் வானத்தைப் பார்த்தார். வாளை விட்டார். ஏதோ சொன்னார். டாக்டர் மலாயில் எங்களுக்குச் சொன்னார், “கண்டிப்பாக வரும், பொறுமையாக இருங்கள் என்று கேப்டன் சொல்கிறார்.”

எங்கள் ஜனம் கை தட்டியது பாருங்கள்! அந்தத் தோட்டத்தில் ஒரு ஜப்பானிய அதிகாரிக்கு மனசாரக் கிடைத்த ஒரே கைதட்டல் அதுதான். அவரும் தலையசைத்து ஏற்றுக்கொண்டார்.

கூட்டம் கலைந்த பிறகும் நான் மேடையை விட்டு இறங்கவில்லை. இறங்கினால் தெரிந்துவிடும். அத்தானின் கோட்டை முன்பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். பூங்காவனம் பக்கத்தில் வந்து கீழே ஒரு பார்வை பார்த்தாள்.

“கிராணியாரே, உங்களுக்குத் தண்ணி முன்னாடியே வந்துருச்சு போல” என்றாள்.

நான் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல், “உனக்குப் பயமே இல்லையா?” என்றேன்.

“எங்கண்ணன் போனப்பவே எல்லாம் போயிருச்சு” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

டாக்டர் காரில் ஏறுமுன் என்னைக் கூப்பிட்டார். கால்சட்டையைப் பார்க்காததுபோல் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“லைடனில் தென்னைமரம் வளராது. அங்கே குளிர் அதிகம்.”

நான் கோட்டு நுனியை இன்னும் கீழே இழுத்தேன்.

“மலாக்காவுக்கு நானும் போயிருக்கிறேன். அழகான ஊர்.”

“துவான்... தெரிந்துமா என்னைப் பேச விட்டீர்கள்?”

“லைடனைப் பற்றிப் பேச எனக்கு இங்கே வேறு யார் இருக்கிறார்கள்?” என்றார். பிறகு, அடுத்த வாரம் முதல் குளுவாங் ஆஸ்பத்திரிக்கு வேலைக்கு வந்துவிடச் சொன்னார்.

லாரி வந்தது. நான் குளுவாங்கில் பஞ்சு சுருட்டிக்கொண்டிருந்தேன். எனக்குப் பதிலாகப் பக்கத்துத் தோட்டத்துக் கிராணியை ஏற்றினார்கள். நன்றாகப் பாடுவார். திரும்பவில்லை. இந்தக் கதையை வேடிக்கையாகச் சொல்லும்போதெல்லாம் இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் தண்ணீர் குடிக்க வேண்டியிருக்கும். டாக்டரை வேறெங்கோ மாற்றினார்கள். அவர் கதி எனக்குத் தெரியாது. லைடன் பார்த்திருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

சண்டை முடிந்தது. பூங்காவனம் தன் அண்ணனுக்காகச் சிம்பாங் ரெங்கம் சாலையில் போய்ப் போய் நின்றாள். சயாமிலிருந்து நடக்க முடிந்தவர்கள் கொஞ்சம் பேர் வந்தார்கள். அவர்களில் அவன் இல்லை. சில நாள் நானும் கூடப்போய் நின்றேன். அப்படி நின்றதில்தான் எங்கள் கல்யாணம் முடிவானது. கிராணி வீட்டுப் பையன் பால் மரம் வெட்டுகிற பெண்ணைக் கட்டுவதா என்று அத்தான் குதித்தார். “எல்லாம் உங்களாலதான் அத்தான், நீங்கதானே என்னை லைடனுக்கு அனுப்புனீங்க” என்றேன். அதோடு அடங்கினார்.

பூங்காவனத்தின் வாய் அன்று போலவே இன்றும். வீட்டுக்கு வருகிறவர் பெரிய மனிதரோ, சம்பந்தியோ, மனதில் பட்டதைக் கேட்டுவிடுவாள். போன மாதம்கூட, கட்சிக்காக ஓட்டுக் கேட்டு வந்தவரிடம், “போன தடவை சொன்ன ரோடு எந்த ஊர்ல போட்டீங்க?” என்றாள். அந்த மனிதர் முகம் சுண்டிப்போக, என் பிள்ளைகள் ஒரே குரலில் சொன்னார்கள், “அம்மா மழையைப் பத்திக் கேக்கறாங்க!” எங்கள் வீட்டில் இதுதான் வழக்கம். யார் ஏடாகூடமாக எதைக் கேட்டாலும் மழையைப் பற்றித்தான். நாலு வயதுப் பேத்திவரை பழகிவிட்டது.

இதில் ஒரே ஒரு சிரமம். சில சமயம் அவள் உண்மையாகவே மழையைப் பற்றித்தான் கேட்பாள். “மழை வருதான்னு பாருங்க, கொல்லையில துணி காயுது” என்று உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள். வீடே விழுந்து விழுந்து சிரிக்கும். ஒருவரும் எழுந்திருக்க மாட்டார்கள். நான்தான் போய் எடுத்து வருகிறேன்.