பிரெஞ்சு நாவல் படித்த சம்பந்தி

வாசகரே, நாவல் படித்தும் திருந்தாதவர்களை உங்களுக்குத் தெரியும். நாவல் படித்துவிட்டு ஊரைத் திருத்தக் கிளம்பும் இனத்தைத் தெரியுமா? பேகம்பூர்த் தோல் வியாபாரி சனாவுல்லா அந்த இனம். பிரெஞ்சு நாவல் எது தமிழில் வந்தாலும் மதுரைக்குப் போய் வாங்கிவந்து, பழுப்புக் காகிதத்தில் அட்டை போட்டு, பட்டுக்கும் பீங்கானுக்கும் ஆசைப்பட்டு ஒரு குடும்பம் நாசமாகிற இடம் பார்த்து ‘ரொம்ப உண்மை!’ என்று பென்சிலால் எழுதி, அசர் தொழுகை முடிந்து வருகிறவர்களை மறித்து நிறுத்தி அந்தப் பக்கத்தையே வாசித்துக் காட்டுவார். யாராவது புதுச் சைக்கிள் வாங்கினால் போதும்.

“முடிஞ்சுச்சு! பாரிஸ்லயும் இப்படித்தான் ஆரம்பிச்சுச்சு!”

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டில் மகன் முகமது பாரூக்குக்கு நத்தத்தில் பெண் பேசப் போனார்கள். பெண், புளி வியாபாரி சேக் பரீதின் மகள் நஜ்முன்னிசா. ஒரு கல்யாண வீட்டில் அவளைப் பார்த்த நாளிலிருந்து பாரூக்குக்குச் சோறு இறங்கவில்லை. கட்டினால் அவளைத்தான் கட்டுவேன் என்று இருந்தான்.

“நமக்கு ஒண்ணும் வேணாம் பாய். வரதட்சணை கேக்குறவன் மனுசனா? பிரெஞ்சுக்காரன் கிழிகிழின்னு கிழிச்சிருக்கான்” என்றார் சனாவுல்லா.

சேக் பரீதுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படியும் ஒரு சம்பந்தியா!

“புத்தகத்தைத்தான் கரையான் அரிக்குது. தேக்குல கண்ணாடி வச்ச பீரோ ஒண்ணு இருந்தா நல்லது” என்று தொடர்ந்தார் சனாவுல்லா.

“செஞ்சிரலாம் பாய்.”

“வெக்கையில எப்படிப் படிக்கிறது? ஒரு ஃபேன். சாஞ்சு படிக்க ஒரு சோபா. உலக நடப்புத் தெரியாம அந்தக் கதையெல்லாம் விளங்காது பாருங்க, அதுக்கு ஒரு ரேடியோ.”

தனக்கென்று எதையும் கேட்டதாக அவருக்குத் தோன்றவே இல்லை. எல்லாம் படிப்புக்குத்தானே? சேக் பரீது மனத்துக்குள் புளியந்தோப்பை விற்றுக்கொண்டிருந்தார். அப்போது கதவுத் திரைக்குப் பின்னாலிருந்து பெண்ணின் தாயார் ஜெய்தூன் பீவி குரல் கொடுத்தார்.

“அண்ணே, அந்தக் கதையில நீங்க எந்தப் பக்கத்துல வாரீங்க?”

உள்ளே பெண்கள் சிரித்துவிட்டார்கள். சனாவுல்லா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். சம்பந்தம் முறிந்தது.

திரும்பும் பஸ்ஸில் பாரூக் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதான். பாவம், அவன் ஒரு நாவலும் படித்தவனில்லை.

“அழுகாதடா. ஒரு பீரோ குடுக்க மனசு வரல. இம்புட்டுப் பேராசை பிடிச்ச வீட்டுல பொண்ணெடுத்தா உருப்படுமா?” என்றார் தகப்பனார். மனதாரத்தான் சொன்னார்.

இதைப் படித்ததும் உங்களுக்குத் தெரிந்த ஒருவருடைய முகம் சட்டென்று நினைவுக்கு வந்திருக்குமே, வாசகரே? சனாவுல்லாவுக்கும் ஒவ்வொரு நாவலிலும் அப்படித்தான் வந்தது.