வயது வரம்பில்லாத இளைஞர் கூடுகை

வேற்றுக் கிரகங்களில் உயிர் இருக்கிறதா என்ற மாபெரும் கேள்விக்கு மனித குலம் விடை காணும் நாளில், முதல் நன்றி எங்கள் பல்கலைக்கழகத்தின் தேநீர் ஏற்பாட்டுக் குழுவுக்கே உரியதாகும். விண்ணுயிரியல் துறையின் ‘இளம் ஆய்வாளர் கூடுகை’யை நாங்கள் ஆண்டு தவறாமல் நடத்துகிறோம். உயிர் இன்னும் கிடைக்கவில்லை. பிஸ்கட் ஒருமுறைகூடத் தீர்ந்துபோனதில்லை.

கூடுகையின் செயலாளர் நான். என் மனைவி இறந்த பிறகு நான் எதற்கும் பதறுவதில்லை என்பதைத் துறை கவனித்திருந்தது. மைக் வேலை செய்யாத நேரங்களில் மிகவும் தேவைப்படும் குணம் அது.

இம்முறை ‘சிறந்த இளம் ஆய்வாளர்’ பரிசு ரொக்கமல்ல, இரண்டாண்டு வேலை. என் மனைவியின் தங்கை எங்கள் ஆய்வகத்தில்தான் இருக்கிறாள். வீட்டில் அவள் பெயர் குட்டி. அவளுடைய வேலை ஒப்பந்தம் மாதக் கடைசியில் முடிகிறது. அவளும் என் மாமியாரும் அந்தச் சம்பளத்தில்தான் சாப்பிடுகிறார்கள்.

“இது மட்டும் கைவிட்டுப் போச்சுன்னா நான் நடுத்தெருவுலதான் அத்தான்.”

“நடுத்தெருவுல நிக்காதே. வண்டி வரும்.”

“ஆறுதல் சொல்றதுல உங்களை அடிச்சுக்க ஆளே இல்லை.”

கூடுகைக்கு முந்தைய நாள் விதிமுறைக் குழு கூடியது. ‘இளம் ஆய்வாளர்’ என்பவர் யார்? வயதைக் கேட்பது நாகரிகமல்ல என்றார் இயக்குநர்.

“பட்டம் வாங்கி எத்தனை வருஷம்னு பார்க்கலாமே சார்?” என்றார் நடுவர் தலைவர்.

“கிரகத்தோட வயசுக்கு முன்னாடி நம்ம வருஷமெல்லாம் ஒரு வருஷமாங்க? நேரா கேக்கறேன். இதுவரைக்கும் நம்மள்ல யாராவது உயிரைக் கண்டுபிடிச்சிருக்கோமா?”

“இல்லை சார்.”

“அப்போ இங்க ஆரம்பத்தைத் தாண்டினவர் யாரு? கை தூக்குங்க.”

ஒரு கையும் எழவில்லை. ‘எந்த முடிவையும் எட்டாத ஒவ்வொருவரும் இளம் ஆய்வாளரே’ என்று தீர்மானம் நிறைவேறியது. இவ்வளவு பணிவை நான் ஒரே அறையில் பார்த்ததில்லை. அடுத்த நிமிடமே இயக்குநர் போட்டிக்குத் தம் பெயரைக் கொடுத்தார். அவரும் மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறவர்.

கூடுகையன்று அவர்தான் முதலில் பேசினார். தலைப்பு: ‘தேடிக்கொண்டே இருப்போம்’. முதல் படத்தில் ஒரு தொலைநோக்கியின் அருகே அவர் கறுத்த முடியுடன் நின்றார். அடுத்த படத்தில் வேறொரு தொலைநோக்கி, வேறொரு முடி. கடைசியில் எங்கள் துறையின் பெருமையான விண்கல் திரையில் வந்தது. அதில் உயிரின் தடயம் ‘இருக்கலாம்’ என்று அறிவித்தவர் அவரே. அந்த ‘இருக்கலாம்’ அவரைப் பல நாடுகளுக்கு அழைத்துப் போயிருக்கிறது. அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது.

அடுத்து குட்டி. அதே கல்லைத்தான் அவளும் சோதித்திருந்தாள். கூடவே யாரும் செய்யாத ஒன்றைச் செய்திருந்தாள். கல்லை எடுத்துவந்த அதே வகை நைலான் பைகளில் கல்லே வைக்காத ஒன்றைக் கழுவி, அந்தத் தண்ணீரையும் சோதித்தாள். அதிலும் அதே தடயம். நைலானிலிருந்து கரைந்து வந்த பொருளைத்தான் துறை இத்தனை காலம் உயிர் என்று கொண்டாடியிருக்கிறது.

நடுவர் தலைவர் தொண்டையைச் செருமினார். “அப்போ கல்லுல உயிரோட தடயம் இல்லைங்கறீங்க?”

“இல்லை சார். எல்லாம் பையோடது.”

“‘இல்லாம இருக்கலாம்’னு வெச்சுக்கலாமா?”

“வெச்சுக்க முடியாது சார். உறுதியா இல்லை.”

“உறுதியாவா?”

“திரும்பத் திரும்பப் பண்ணிப் பார்த்துட்டேன் சார்.”

நடுவர்கள் அவளை இரக்கத்தோடு பார்த்தார்கள்.

“அவசரப்பட்டு ஒரு முடிவுக்கு வந்துட்டீங்களேம்மா,” என்றார் தலைவர். “தீர்மானப்படி நீங்க இளம் ஆய்வாளர் இல்லையே!”

பிறகு நடந்தது எங்கள் துறையின் பெருந்தன்மைக்குச் சான்று. அவளைப் போட்டியிலிருந்து நீக்கியதோடு விட்டுவிடவில்லை. அங்கேயே ‘மூத்த ஆய்வாளர்’ என்று அறிவித்துப் பூச்செண்டும் கொடுத்தார்கள். இவ்வளவு சின்ன வயதில் அந்த உயரத்தை எட்டியவர் யாருமில்லை என்று பாராட்டினார்கள்.

“அத்தான், நீங்களாவது ஏதாச்சும் சொல்லுங்க.”

எழுந்தேன். “சார், மாசக் கடைசியில இவங்களுக்கு வேலை போயிடும்.”

“மூத்தவங்களுக்கு அது சகஜம்தானே?” என்றார் தலைவர் கனிவாக. “அதுக்குப் பேர் ஓய்வு.”

உட்கார்ந்தேன்.

பரிசு இயக்குநருக்குப் போனது. வாழ்க்கையின் முதல் வேலை கிடைத்தவர்போல் அவர் கண் கலங்கினார். மேடையை விட்டு இறங்கி நேராகக் குட்டியிடம் வந்தார். கைகூப்பினார்.

“பெரியவங்க நீங்க. எங்களை மாதிரி இளைஞருங்களுக்கு வழி விட்டிருக்கீங்க. இதை மறக்கவே மாட்டேன்.”

குட்டி பூச்செண்டை இடக்கைக்கு மாற்றிக்கொண்டாள். நரைத்த அந்தத் தலைக்கு மேல் வலக்கையை உயர்த்தினாள்.

“நல்லா இருங்க தம்பி,” என்றாள். “இன்னும் நூறு வருஷம், எதையும் கண்டுபிடிக்காம நல்லா இருங்க.”