ஜிந்தோ சொன்ன அந்த ஒரு வார்த்தை

மரியாதைக்குரிய மச்சான் குல்வந்த் சிங் அவர்களுக்கு, உங்கள் தங்கை வீட்டுக்காரன் பிக்கர் சிங், ஜக்ராவோனிலிருந்து கைகூப்பிச் சொல்லும் சத் ஸ்ரீ அகால். குருவின் அருளால் இங்கே மனிதர்களும் எருமைகளும் சுகம். கோதுமை கதிர் பிடித்துவிட்டது. அங்கே கனடாவில், வின்னிபெக்கில் பனியும் உங்கள் முழங்கால் வலியும் குறைய வேண்டுகிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் தங்கை ஜிந்தோவுக்கு ஒரு தடித்த ஆங்கில அகராதி அனுப்பினீர்களே, அதை எந்த நேரத்தில் அனுப்பினீர்கள்? கனடா போவதற்கான ஆங்கிலப் பரீட்சைக்கு மகள் நவ்தீப்பை டவுனில் பயிற்சி வகுப்பில் சேர்த்தேன். பெண்பிள்ளைக்குத் துணையாகப் போன ஜிந்தோ, ஜன்னலுக்கு வெளியே ஸ்வெட்டர் பின்னிக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். உள்ளே வாத்தியார் சொல்லும் கடினமான வார்த்தைகளையெல்லாம் காதில் வாங்கி வந்து, அகராதியைப் புரட்டி, யார் மேலாவது பிரயோகித்துப் பார்த்தால்தான் அவளுக்குச் சோறு இறங்குகிறது. பிடிவாதம் பிடித்துப் பால் கறக்க விடாத எருமை ‘ஆப்ஸ்டினேட்’ ஆயிற்று. ஒருநாள் ரொட்டி சுட்டுக்கொண்டே என்னை ‘இன்கரிஜிபிள்’ என்றாள். இவ்வளவு நீளமாக இருக்கிறதே, பெருமையான பட்டமாகத்தான் இருக்கும் என்று நம்பி, குருத்வாராப் பந்தியில் உட்கார்ந்து, “என் வீட்டுக்காரி என்னை இன்கரிஜிபிள்னு சொல்லிட்டா, தெரியுமா?” என்றேன். எதிரே இருந்த பள்ளிக்கூட வாத்தியாருக்குப் பருப்பு புரையேறிவிட்டது. ‘திருத்தவே முடியாத ஆளு’ன்னு அர்த்தமாம், மச்சான்!

அதையும் பொறுத்துக்கொண்டேன். போன வாரம் பர்னாலாவிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். பையனுக்குப் படிப்பு ஏறவில்லை. நம் பெண் நல்ல மதிப்பெண் வாங்கிக் கனடா போய் அவனை வரவழைத்துக்கொள்ள வேண்டும், செலவு அவர்களுடையது. ஊர் உலகத்தில் நடப்பதுதானே. பையனின் சித்தப்பா சர்வண் சிங் பக்கோடாவை மென்றுகொண்டே, “பொண்ணு எப்படி இருந்தா என்ன? மார்க்கு வரணும். வரலேன்னா நிச்சயம் பண்ணியிருந்தாலும் முறிச்சுக்குவோம், இப்பவே சொல்லிட்டேன்” என்றார். நவ்தீப் டீக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜிந்தோ தட்டைக் கீழே வைத்துவிட்டு, மலர்ந்த முகத்தோடு, “நீங்க ரொம்ப மெர்சினரி, பாய்சாப்” என்றாள்.

அவருக்கு முகமெல்லாம் பூரிப்பு. “எல்லாம் குருவோட அருள், பெஹன்ஜி. எங்க பரம்பரையே அப்படித்தான்!”

பையன் மெதுவாகக் கைபேசியை எடுத்துத் தட்டினான். அவன் காது சிவந்துவிட்டது. “சித்தப்பா, காசுக்காக எதையும் செய்யிறவர்னு சொல்றாங்க.”

அப்புறமென்ன, அவர்கள் கார் கிளப்பிய புழுதி அடங்குவதற்குள் நான் கத்தினேன்: “ஒத்த வார்த்தையில பொண்ணு வாழ்க்கையைக் கெடுத்துட்டியே!”

அவள் கோபப்படவில்லை. “நவ்தீப் அப்பா, அவங்க பேசப் பேச உங்களுக்கு நெஞ்சுல ஏதோ உறுத்துச்சா, இல்லையா?”

“உறுத்துச்சு.”

“அதுக்குத்தான் பேரு வச்சேன்.”

அப்போதுதான் நவ்தீப் வாயைத் திறந்தாள். “எனக்குக் கனடா வேணாம்ப்பா. இங்கேயே பால் பண்ணை வைக்கிறேன்.” இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்றால், நான் கேட்கவே இல்லையாம். அன்று முழுக்கத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டே யோசித்தேன். பேர் தெரியாததால் நாம் சகித்துக்கொண்டு போவது இன்னும் எத்தனை இருக்கும், மச்சான்? ஆனாலும் குடும்பம் என்று ஒன்று இருக்கிறது. மூத்தவர் நீங்கள். போன் போட்டு உங்கள் தங்கையைக் கண்டியுங்கள். அகராதியைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுப் பெண்ணுக்கு வீட்டில் புழங்கும் வார்த்தை போதும்.

உங்கள் வீட்டம்மாவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசிகள். குரு உங்கள் எல்லோரையும் காக்கட்டும்.

அன்புள்ள,
பிக்கர் சிங்

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். உறையை ஒட்டப் போகும்போது பரீட்சை முடிவு வந்தது. நவ்தீப் எழுதவே இல்லையாம், ஜிந்தோதான் தன் பேரிலேயே எழுதியிருக்கிறாளாம்! வகுப்பிலேயே அவளுக்குத்தான் முதல் மதிப்பெண். உங்கள் ஊர்க் கல்லூரியில் இடம் தேடுகிறாள். கூடவே நானும் போகலாமாம். விண்ணப்பத்தில் எனக்குப் போட்டிருக்கும் பேர் ‘டிபெண்டென்ட்’. அர்த்தம் கேட்டேன். “தொத்திக்கிட்டு வர்றவரு” என்கிறாள். வின்னிபெக்கில் எருமை உண்டா என்று விசாரித்து உடனே எழுதுங்கள்.