ஓவர் சாரின் கம்பமும் என் எட்டு பேனலும்

ஸ்ரீரங்கத்துக்கு வருகிறவர்கள் ராஜகோபுரத்துக்கு அடுத்தபடியாக அண்ணாந்து பார்ப்பது ஓவர் சாரின் மொட்டைமாடியைத்தான். கோயில்காரர்கள் கோபித்துக்கொண்டாலும் உண்மை அதுதான். எங்கள் பக்கத்து வீடு. மாடியில் ஓர் இரும்புக் கம்பம், அதன் தலையில் மீன்முள் மாதிரி ஆன்டெனா, நாலு பக்கமும் இழுத்துக் கட்டிய கம்பிகள். துவாக்குடியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அரசாங்க லைசென்ஸோடு வீட்டிலேயே ரேடியோ வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் பேசுவது அவருடைய பொழுதுபோக்கு.

அந்த ரேடியோவில் ஒருவர் பேசி முடித்து ‘ஓவர்’ என்று சொன்னால்தான் அடுத்தவர் வாயைத் திறக்கலாம். சார் இந்த விதியை ரேடியோவோடு நிறுத்திக்கொள்ளவில்லை.

“கத்திரிக்காய் பிஞ்சா இருக்கா, ஓவர்?”

“காலைல பறிச்சதுங்க சார்.”

சார் பேசாமல் நிற்பார். காய்க்காரம்மா தலையில் அடித்துக்கொண்டு, “ஓவர்! சொல்லித் தொலைச்சுட்டேன், எடுங்க!” என்ற பிறகுதான் பையை நீட்டுவார். ஒரு கல்யாணத்தில் மைக்கைப் பிடித்து வாழ்த்திவிட்டு ‘ஓவர்’ என்றார். மாப்பிள்ளை “ரொம்ப நன்றி, ஓவர்” என்கிற வரைக்கும் மேடையை விட்டு இறங்கவில்லை.

தினமும் காலை பத்து மணிக்கு ஊட்டியில் இருக்கும் ஒரு நண்பரோடு பேசுவார். இத்தனை வருஷப் பழக்கத்தில் இருவரும் நேரில் பார்த்ததே இல்லை. பேசுவதும் ராணுவ ரகசியம் இல்லை. “இங்க பொங்கல், ஓவர்.” “இங்க மழை, ஓவர்.” சுவரைத் தாண்டி எங்களுக்கும் கேட்கும். சார் தனிக்கட்டை. அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் அவர் காலையில் சவரம் செய்துகொள்வார் என்று நினைக்கிறேன்.

இனி என் பிரதாபத்துக்கு வருகிறேன். என் மனைவி ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி பார்க்கும் நர்ஸ். ராத்திரி முழுக்க விழித்துவிட்டு வந்து, பகலில் புழுக்கத்தில் புரண்டுகொண்டு கிடப்பாள். வீட்டில் ஏசி இருந்தது. பில்லுக்குப் பயந்து அதற்குப் பூப்போட்ட உறை தைத்து மாட்டியிருந்தாள். மாடியில் ஏற்கெனவே நாலு சோலார் பேனல்கள்.

“இன்னும் நாலு போட்டுட்டா, அக்னி நட்சத்திரத்துல சூரியனே உனக்கு ஏசி போடும். நீ பகல் பூரா தூங்கலாம். இல்லைன்னா என் பேரை மாத்திக்கிறேன்!”

“நல்ல பேரா யோசிச்சு வைக்கிறேன்,” என்றாள்.

காலி இடம் சார் வீட்டுப் பக்கம்தான் இருந்தது. காலையில் அங்கே கம்பத்தின் நிழல் விழும். பேனல் மாட்ட வந்தவர், “யோசிச்சுக்குங்க,” என்றார். “ரெண்டு விரல் அகல நிழல் என்னத்தைப் பண்ணிடும்?” என்று நான் அவரை அடக்கினேன்.

பண்ணிவிட்டது. எட்டுப் பேனலும் ஒன்றோடொன்று கோத்து இணைத்தவை. பெருமாள் சேவை க்யூவில் முன்னால் ஒருவர் குனிந்து மூக்குக்கண்ணாடியைத் தேடினால் பின்னால் அத்தனை பேரும் நிற்பதில்லையா, அதே கதைதான். நிழல் பட்ட பேனல் சுணங்க, பழைய நாலும் கூடவே சுணங்கின. பேனலைக் கூட்டி கரண்டைக் குறைத்த மகானுபாவன் திருச்சி ஜில்லாவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

சாரிடம் போய் எகிறினேன். “உங்க கம்பத்தை எடுங்க சார்!”

“நிழல் என்னோடதுதான், ஒத்துக்கறேன் தம்பி. எத்தனை நேரம் விழுது, ஓவர்?”

“நாள் பூரா!” என்றேன். பதில் வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, “ஓவர்!” என்றேன்.

தலையில் ஈரத்துண்டு, கையில் சாக்பீஸ் சகிதம் எங்கள் மாடிக்கு வந்து உட்கார்ந்துவிட்டார். நிழல் நகர நகரக் கோடு போட்டார். மத்தியானம் அவருடைய கம்பத்தின் நிழல் பேனலை விட்டு இறங்கிப் போயிற்று. எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொரு நிழல் எருமை மாதிரி அகலமாக ஏறி வந்தது. எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி! தூக்கம் வராமல் மாடிக்கு வந்த மனைவி, “இதை யாருங்க எடுக்கணும்?” என்று கேட்டுவிட்டுக் கீழே போனாள்.

வேறு வழியில்லாமல் ஒவ்வொரு பேனலுக்கு அடியிலும் ஒரு சின்னப் பெட்டி வாங்கி மாட்டினேன். ஒன்று நிழலில் படுத்துக்கொண்டாலும் மற்றவற்றைத் தம் பாட்டுக்கு வேலை செய்ய விடுகிற பெட்டி. மெய்யாகவே பலித்தது. ஏசியின் உறையைக் கழற்றினோம். அன்று படுத்தவள் சாயங்காலம் வரை அசையவில்லை. நான் பயந்துபோய் மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தேன். வாசலில் நின்று போகிற வருகிறவர்களிடமெல்லாம், “மெதுவா பேசுங்க, உள்ள சூரியன்ல ஏசி ஓடுது,” என்று அளந்தேன்.

ஒரு வாரம் போயிருக்கும். டியூட்டி முடிந்து வந்த மனைவி, “ஏங்க, பத்து மணி ஆயிடுச்சே, ஊட்டிக் குரலையே காணோம்?” என்றாள். என் தம்பட்டச் சத்தத்தில் எனக்கு அது உறைக்கவே இல்லை. போய்ப் பார்த்தேன். சார் ரேடியோவின் முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார். அதிலிருந்து வடைச்சட்டி இரைச்சல் வந்துகொண்டிருந்தது.

“ரிப்பேரா சார்?”

“ரேடியோ நல்லாத்தான் இருக்கு. உங்க பேனலுக்கு அடியில இருக்கற புதுப் பெட்டிங்க ரேடியோவுக்குள்ள போடற சத்தம் தம்பி இது. பொழுது சாஞ்சா நின்னுடும். ஆனா ஊட்டிக்காரர் காலைலதானே வருவார், ஓவர்.”

“ஏன் சார் எங்கிட்ட சொல்லலை?”

“எப்படிச் சொல்றது? ராத்திரியெல்லாம் முழிக்கற பொண்ணு, இப்பதான் கண்ணை மூடறா. நான் பொங்கல் சாப்பிட்டேன்னு ஊட்டிக்குச் சொல்றதுக்காக அவ எழுந்திருக்கணுமா?”

ஓடிப்போய் மாடியேறி சோலார் சுவிட்சை அணைத்தேன். இரைச்சல் நின்றது. சாரின் ஜன்னல் வழியாக ஊட்டிக் குரல் தெளிவாகக் கேட்டது. “ஒரு வாரமா தினமும் கூப்பிடறேன் சார். உடம்புக்கு ஒண்ணுமில்லையே, ஓவர்?”

கீழே வந்தால் ஏசி நின்றுபோயிருந்தது. மனைவி விசிறியோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். நான் சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். “சும்மா இருங்க, அவங்க பேசட்டும்,” என்றாள்.

இப்போது தினமும் பத்து மணிக்கு அரை மணி நேரம் சோலாரை அணைத்துவைக்கிறேன். ஈ.பி. கரண்டில் ஏசியை ஓட்ட அவள் ஒப்பமாட்டாள். ராத்திரி வேலை பார்த்த அலுப்போடு, வியர்த்து வழிய, சுவரோரமாகச் சாய்ந்துகொண்டு அவர்கள் பேசுவதைக் கேட்பாள். கண் சொருகும். பாவமாக இருக்கிறதே என்று சுவிட்சைப் போட நான் எழுந்தால், கையைப் பிடித்து இழுத்து உட்காரவைப்பாள்.

“இருங்க. நேத்து ராத்திரி சார் என்ன சாப்பிட்டார்னு இன்னும் சொல்லலை.”