ஏணியில் தொங்கியவனுக்கு நான் கொடுத்த குரல்

ரானுயி, ஒக்லாந்து

பெருமதிப்புக்குரிய அத்தானுக்கு,

நானும் ரதிதேவியும் நலம். கூரை மட்டும் ஒழுகுகிறது. அந்த ஜெர்மன் குளிருக்குள் அக்காவும் நீங்களும் சுகமாயிருக்க நல்லூர் முருகனை வேண்டுகிறேன்.

நீங்கள் அனுப்பிய பழைய ஜெர்மன் படத்தால் நான் பட்ட பாட்டைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். எங்கள் தமிழ்ச் சங்கத்து மூத்தோர் ஒன்றுகூடலில் அதைப் போட்டேன். கீழே எழுத்து ஓடாத படம் என்பதால், ஜெர்மனியில் ஒன்பது வருடம் உணவகத்தில் கோப்பை கழுவிய தகுதியில், நானே ஒலிவாங்கியோடு பக்கத்தில் நின்று தமிழில் சொன்னேன். படங்கள் பேசத் தொடங்கிய புதிதில் எடுத்தது; அந்தச் சந்தோசப் புளுகத்தில் ஒருவரும் வாயை மூடவில்லை. இரண்டு தீயணைப்பு வீரர்கள் வண்டியில் நகைத் திருடனைத் துரத்தும்போதும் தங்கள் பழைய சண்டையையே கதைத்துக்கொண்டு போகிறார்கள்.

சங்கத் தலைவன் குலசிங்கத்தை உங்களுக்குத் தெரியும், என்னோடு படித்தவன். ஐந்து வருடத்துக்கு முந்திய பொங்கல் விழாவுக்கு, சனம் இருக்கக் கதிரைகளை ஒக்லாந்தின் தெற்கே விரி என்ற இடத்திலிருந்து ஏற்றிவந்து, இறக்கி, துடைத்து, அடுக்கியவன் நான். அவனுடைய நன்றியுரையில் ஒலிபெருக்கிக்காரனுக்கு நன்றி, வடை சுட்டவர்களுக்கு நன்றி, மழை பெய்யாத வானத்துக்கும் நன்றி. எனக்கு மட்டும் இல்லை. அன்றோடு பேச்சு நின்றது. சனிக்கிழமைகளில் நாங்கள் விளையாடிய கரம் பலகை கட்டிலுக்குக் கீழே கிடக்கிறது. கிடக்கட்டும், ஆருக்கு வேணும்?

படத்தின் முடிவில் ஒரு வீரன் ஏணி உச்சியில் தொங்குகிறான். மற்றவன் ஏறி, அவனைப் பிடித்து இறக்கி, "என்னை மன்னித்துவிடு" என்கிறான். தொங்கியவன், "எப்போதோ மன்னித்துவிட்டேன்" என்கிறான். அத்தான், அந்த ஒரு வசனம் எனக்கு வாயில் வரவில்லை. "ஏழு பிறப்பிலும் மன்னிக்கமாட்டன், கதிரை சுமந்தவனை மறந்தியேடா எண்டு கேக்கிறார்" என்றேன்.

முன்வரிசையில் இருந்த இராசநாயகம் அண்ணை எழும்பிவிட்டார். "தம்பி, அவை ரெண்டு பேரும் கட்டிப்பிடிச்சு அழுகினம். நீர் என்ன கதைக்கிறீர்?"

"ஜெர்மன்காரர் கோவத்திலயும் கட்டிப்பிடிப்பினம், அண்ணை."

"அது சரி, தீயணைக்கிற வண்டியில எங்காலை கதிரை?"

குலசிங்கத்தின் மனைவி சுந்தரி சொன்னா: "அண்ணை, உது ஜெர்மன் கதை இல்லை. எங்கடை வீட்டுக் கதை."

மண்டபமே சிரித்தது. குலசிங்கம் மட்டும் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, நன்றியுரைகூடச் சொல்லாமல் போய்விட்டான். நன்றியுரை இல்லாமல் எங்கள் சங்கத்தில் ஒரு கூட்டம் முடிந்தது இதுவே முதல் தடவை. என் கைங்கரியம்.

ஆகவே சங்கத்தை விட்டு விலகுகிறேன். அவன் முகத்தில் இனி முழிக்கமாட்டேன். நீங்களும் இனிப் படம் அனுப்பவேண்டாம். அக்காவுக்கு அன்பு. பிள்ளைகளுக்கு மாமாவின் ஆசிகள். ஜெர்மனில் மாற்றிச் சொன்னாலும் பலிக்கும்.

மனம் நொந்த மைத்துனன்,
சபாரத்தினம்

பி.கு.: உறையை ஒட்டப் போனபோது வாசல் மணி அடித்தது. குலசிங்கம். உள்ளே வராமல் மிதியடியிலேயே நின்று, தொண்டையைச் செருமி, "சபையோருக்கு வணக்கம். ஐஞ்சு வருசத்துக்கு முந்திக் கதிரை சுமந்த சபாரத்தினத்துக்கு முதற்கண் நன்றி" என்று தொடங்கினான். சபையில் நானும் ரதிதேவியும்தான். கடைசிவரை சொல்லவிட்டோம். அந்த வசனம் அப்போதுதான் என் வாயில் வந்தது, ஜெர்மனில். "எனக்கு விளங்கேல்லை, தமிழில சொல்லடா" என்றான். நான் கட்டிலுக்குக் கீழே புகுந்து கரம் பலகையை இழுத்துவந்தேன்.