ஏழு தரம் கழுவிய செருப்பு

நாலா, ஐந்தா? ஆதம்பாவாவுக்கு எண்ணிக்கை பிசகிவிட்டது.

நெல் ஆலையின் பின்பக்கத் தண்ணீர்ப் பைப்படியில் குந்தியிருந்து, முதலாளி அப்துல் ஸமட் ஹாஜியாரின் இடதுகால் செருப்பைக் கையில் பிடித்தபடி யோசித்தார். மண் போட்டுத் தேய்த்தது முதலாவது தரம். அதில் சந்தேகம் இல்லை. அதற்குப் பிறகு தண்ணீர் ஊற்றியது மூன்றா, நாலா? நாய் வாய் வைத்த பொருளை ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண்ணால். ஒன்று குறைந்து, அந்தச் செருப்போடு ஹாஜியார் நடந்து திரிந்தால் அந்தப் பழி யார் தலையில்?

"முதல்ல இருந்து வருவம்" என்று மறுபடி மண்ணை அள்ளினார்.

வாய் வைத்தவன் பக்கத்தில் நின்று வாலை ஆட்டிக்கொண்டிருந்தான். அவன் பெயர் மனேஜர். ஆலையில் இரண்டு தரம் நெல் மூட்டை களவு போனபிறகு, காவலுக்கென்றால் நாய் வைக்கலாமா என்று மௌலவியிடம் கேட்டு, வைக்கலாம் என்று அவர் சொன்னபிறகே ஹாஜியார் சம்மதித்தார். பாண்டிருப்பிலிருந்து குட்டியைக் கொண்டுவந்தவன் லொறிக்காரன் சசிகரன். ஆலையில் மனேஜர் என்று ஒருவரும் இல்லாத குறைக்கு அந்தப் பெயரை வைத்தவனும் அவன்தான். இப்போது மனேஜருக்கு ஒரு வயது. உடம்பு முழுக்க ஸ்பிரிங் வைத்ததுபோல ஒரு துள்ளல்.

கணக்கெழுதும் கந்தோர் ஜன்னலில் ஹாஜியாரின் தலை தெரிந்தது.

"ஆதம்பாவா! இது எத்தினையாவது சோடி?"

"மூணாவது, ஹாஜியார்."

"நாய வெச்சது களவெடுக்க வாறவனக் கடிக்கிறதுக்கு. இது சோறு போடுறவன்ட செருப்பல்லோ கடிக்கிது!"

"சின்னப் பிராயம் ஹாஜியார். பழக்கி எடுத்திருவன்."

"பழக்கு. இந்த மாசத்துக்குள்ள பழக்கல்ல எண்டா கேற்றுக்குக் கெமறா பூட்டுவன். கெமறா செருப்புக் கடிக்காது. அதுக்குக் காவலுக்கு ஆளும் தேவல்ல."

ஜன்னல் சாத்தப்பட்டது. ஆதம்பாவா கேற்றடியில் கிடந்த தன் பிளாஸ்டிக் கதிரையைப் பார்த்தார். முப்பது வருடம் மூட்டை சுமந்து இடுப்பு, நாரி முறிந்த மனிதனுக்கு ஹாஜியார் இரங்கிக் கொடுத்த கதிரை அது. அதிலிருந்து எழுந்தால் இந்த ஊரில் அவரை உட்காரச் சொல்ல வேறு யாரும் இல்லை. வீட்டில் சும்மா இருக்கலாம்தான். சும்மா இருக்கும் மனிதனைச் சோறும் கறியும்கூட ஒரு மாதிரிப் பார்க்கும்.

வீட்டில் மனைவி சபியா உம்மா, நாய் உரசிய சாரத்தோடு அவரை உள்ளே விடமாட்டாள். வேலிக்கு வெளியே நிற்கவைத்துத்தான் யோசனையும் சொன்னாள்.

"கொச்சிக்கா அரச்சுப் பூசுங்க. ஒருக்கா எரிஞ்சா மறுகா வாய் வைக்காது."

மிளகாயை அரைத்துப் பூசினார். செருப்புவார், வாங்குப் பலகையின் கால், விளக்குமாற்றுப்பிடி ஒன்றும் மிச்சமில்லை. மனேஜர் எல்லாவற்றையும் சம்பல்போல நக்கிமுடித்தது. பிறகுதான் எரிவு ஏறியது. ஓடிப்போய், தொழிலாளிகள் தொழுகைக்கு முன் வுழூ செய்ய வைத்திருந்த வாளிக்குள் மூஞ்சியை முழுதாக விட்டது. அங்கிருந்து குடிதண்ணீர்ப் பானைக்கு. பானை ஏழு தரம், வாளி ஏழு தரம். இதற்கிடையில் செருப்பு வாரை இழுத்துவிட்ட ஹாஜியார் அதே விரலால் கண்ணைக் கசக்கிவிட்டார்.

அன்று முழுக்க அவர் ஒரு கண்ணால்தான் ஏசினார்.

அடுத்ததாக, கடிப்பதற்கென்றே ஒன்றைக் கொடுத்துவிட்டால் மற்றதை விடும் என்று ஆதம்பாவாவே யோசித்தார். இறைச்சிக் கடையில் ஒரு மாட்டு முழங்கால் வாங்கிவந்து போட்டார். அரை நாள் ஆலையில் அப்படி ஓர் அமைதி. பின்னேரம் எலும்பைக் காணவில்லை. தின்றுவிட்டது என்று நினைத்து நிம்மதியாகத் தேநீர் குடித்தார்.

இரண்டு நாள் கழித்து அக்கரைப்பற்று வியாபாரியிடமிருந்து தொலைபேசி வந்தது.

"ஹாஜியார், நீங்க அனுப்பின மூட்டையக் கொட்டினா நெல்லுக்கு நடுவுல மாட்டுக்கால் கெடக்கு. எலும்பையும் சேத்தா நிறுத்தீங்க?"

ஹாஜியார் தொலைபேசியை வைத்துவிட்டு ஆதம்பாவாவைப் பார்த்தார். கணக்குக் கொப்பியைத் திறந்து அந்த மூட்டையை வெட்டினார். ஏசினாலும் பரவாயில்லை என்று ஆதம்பாவாவுக்கு இருந்தது.

"காக்கா, இது பசிக்குக் கடிக்கல்ல" என்றான் ஆதம்பாவாவை அண்ணன் முறை வைத்துக் கூப்பிடும் சசிகரன், லொறிச் சக்கரத்தைத் தட்டிப் பார்த்தபடி. "வேலையில்லாத உடம்பு. ஓட்டணும். கடற்கரைக்குக் கொண்டுபோய் நல்லா ஓட்டிக்கொண்டு வாங்க. களைச்சுப்போய்ப் படுத்திரும்."

"என்ட நாரியோட நான் ஓடுறயா?"

"நீங்க நில்லுங்க. அது ஓடும்."

அஸர் தொழுதுவிட்டு, கயிற்றின் ஒரு நுனியில் மனேஜரும் மறு நுனியில் ஆதம்பாவாவுமாகச் சாய்ந்தமருதுக் கடற்கரைக்குப் போனார்கள். யார் யாரைக் கொண்டுபோகிறார் என்று வழியில் நின்றவர்களுக்குக் குழப்பம்.

"என்ன காக்கா, வயசுபோன காலத்துல புதுச் சிநேகிதமா?" என்றான் ஒருவன்.

"சலாம் எனக்கு மட்டும் சொல்லிட்டுப் போ" என்றார் ஆதம்பாவா.

கரையில் கயிற்றை அவிழ்த்தார். மனேஜர் ஓடியது ஓட்டமா அது! தோணிகளைச் சுற்றி, நண்டுகளைத் துரத்தி, கடைசியில் மீனவன் அதாவுல்லா காயப்போட்டிருந்த வலையில் போய் விழுந்தது. ஆதம்பாவா போய்ச் சேர்வதற்குள் மூன்று மிதவையைக் கடித்துத் துப்பியிருந்தது.

"காக்கா! இத இனி நான் எப்பிடிக் கையால தொடுற?" என்று அதாவுல்லா கத்தினான்.

"கோவிக்காத மனெ. மண் போட்டு ஏழு தரம் கழுவித் தாறன்."

"வலையவா? இதக் கழுவி முடிய அடுத்த வருசம் வந்திரும்!"

கூட்டம் கூடியது. ஆளுக்கொரு சட்டம் சொன்னார்கள். முடிவில் ஒரு வழி பிறந்தது. கடித்த பக்கத்தை மண் கரைத்துத் தேய்த்து, அலையடியில் போட்டால், ஏழு அலை வந்து போனால் ஏழு தரம்.

"நுரை மட்டும் வந்தா அது அலையாகுமா?" என்று ஒருவர் கேட்டார்.

"அத எண்ணாதீங்க காக்கா. பெரிசா எண்ணுங்க" என்றான் அதாவுல்லா.

சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, வலை நுனியைப் பிடித்தபடி, மஃரிப் பாங்கு சொல்லும்வரை ஆதம்பாவா பெரிய அலைகளை எண்ணினார். ஒவ்வோர் அலைக்கும் மனேஜர் அவரைச் சுற்றி ஒரு துள்ளல் துள்ளியது. களைத்ததாகத் தெரியவில்லை.

வலைக் கதை அவருக்கு முன்னால் ஆலைக்குப் போய்விட்டது. மறுநாள் காலையில், மருதமுனை மிஹ்லார் ஏணியில் ஏறிக் கெமறா பூட்டிக்கொண்டிருந்தான். கேற்றுக்கு ஒன்று, பின்பக்கத்துக்கு ஒன்று.

"ஒரு கிழமை ஓட்டிப் பாப்பம்" என்றார் ஹாஜியார். குரலில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "சரியா வேலை செஞ்சா நீ வீட்டுல இரி ஆதம்பாவா. உன்ட நாரிக்கும் நல்லம். நாயையும் சசிகரன்ட ஊருக்கு அனுப்பிருவம்."

சபியா உம்மாவிடம் ஆதம்பாவா இதைச் சொல்லவில்லை. கழுவும் வேலை மட்டும் அந்தக் கிழமையும் ஓயவில்லை. செருப்பை உயரத்தில் மாட்டினால் விளக்குமாறு, விளக்குமாற்றை ஒளித்தால் சாக்கு. இன்னும் ஏழு நாள்தானே என்று ஏசாமல் கழுவினார்.

எட்டாம் நாள் ஹாஜியார் கூப்பிட்டார். கந்தோருக்குள் மிஹ்லார் திரைக்கு முன்னால் இருந்தான்.

"கெமறா நல்லா வேலை செய்யிது ஹாஜியார். பின்பக்கத்த ஒருக்காப் பாருங்க."

திரையில் பைப்படி தெரிந்தது. காலை பத்து மணி. மனேஜர் வாயில் ஒரு செருப்போடு வந்தது. கடிக்கவில்லை. செருப்பைக் குழாயின் கீழே வைத்தது. உட்கார்ந்து கேற்றுப் பக்கம் பார்த்தது. யாரும் வரவில்லை. செருப்பை எடுத்து இரண்டு கடி கடித்துவிட்டு ஒரு தரம் குரைத்தது.

தலையில் கை வைத்துக்கொண்டு ஆதம்பாவா ஓடிவந்தார். குழாய் திறந்தது. மண் அள்ளும்போது நாய் தானும் மண்ணில் புரண்டது. ஒவ்வொரு கழுவலுக்கும் ஒரு சுற்று ஓடியது. ஏழாவது முடிந்ததும் நிழலில் விழுந்து கண்ணை மூடியது.

மறுநாள் பத்து மணி. அதே இடம். வேறு செருப்பு. அதற்கடுத்த நாள், விளக்குமாறு.

ஹாஜியார் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஆதம்பாவா நாயைப் பார்க்கவில்லை. மேலேயிருந்து தன்னைத் தானே அவர் பார்ப்பது இதுதான் முதல் தடவை. நாரி வளைந்த ஒரு மனிதன். உதடு அசைகிறது. எண்ணிக்கை என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தார். ஏழுக்கு இவ்வளவு நேரம் உதடு அசைய வேண்டியதில்லை. அந்த மனிதன் நாயோடு கதைத்துக்கொண்டிருந்தான். சிரித்துக்கொண்டும் இருந்தான்.

அவருக்கு வெட்கமாக இருந்தது.

"அப்ப சரி" என்று ஹாஜியார் எழுந்தார். "பழக்கச் சொல்லி ஒரு மாசமாச்சு, பழக்கம் ஒண்டும் நடக்கல்ல. நாளையில இருந்து ஆதம்பாவா வீட்டுல இரிக்கட்டும். என்ன மிஹ்லார்?"

மிஹ்லார் வயரைச் சுருட்டிக்கொண்டே சொன்னான்:

"பழக்கம் நல்லாத்தான் நடந்திரிக்கி ஹாஜியார், நாயல்லோ காக்காவப் பழக்கி எடுத்திரிக்கி, இவர அனுப்பினா அது புதுசா ஒராளப் பழக்கோணும், அதுக்கு உங்கட செருப்பு இன்னும் எத்தின சோடி போகுமோ!"